ஓசை அண்ணையின் வான்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதிலும் கடைசி வருடம் பள்ளிக்கூடம் நடந்த நாட்களைவிட நடக்காத நாட்கள் கூட. ரகரத்துக்கும் றகரத்துக்கும், இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் எனக்கு இன்றுவரை சண்டை தீரவில்லை. மகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு, மறக்க முடியாத ஒருவரைப் பற்றிப் பெற்றோரும் எழுதலாம் என்று சொன்னார்கள். நான் பேசாமல் இருந்தேன். என் மனைவிதான் விடவில்லை.

"நீங்கள்தான் வாயாலை கதைக்க மாட்டியள். கையாலையாவது கதையுங்கோவன்" என்றாள்.

இதைத் தட்டச்சு செய்கிற பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வான் என்று எழுதினால் அது சாமான் ஏற்றுகிற வாகனம். மேலே இருப்பதை ஆகாயம் என்று எழுதப் பார்க்கிறேன். ஆனாலும் ஓரிடத்தில் இல்லாவிட்டால் ஓரிடத்தில் கலந்துவிடும். அவரை நினைத்தால் எனக்கு இரண்டும் கலந்துதான் வருகிறது.

அவர் எங்கள் கடையின் வான் சாரதி. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ரயில் பாலத்து வளைவுகளுக்குப் பின்னால், எங்கள் மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மரக்கறிப் பெட்டிகள் வரும். நான் உடைத்து, அழுகலைப் பொறுக்கி எறிந்து, சின்னக் கடைகளுக்கென்று பிரித்துக் கட்டுவேன். அவர் ஏற்றிக்கொண்டு போவார். உக்ரைன் நாட்டுக்காரர். நெடிய உருவம், பஞ்சு போல வெள்ளைத் தலை. வெங்காய மூட்டையை நித்திரையான பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்குவார். எப்படி லண்டனுக்கு வந்தார் என்று நான் கேட்டதில்லை. என்னையும் அவர் கேட்டதில்லை. எங்கள் கடையில் அந்தக் கேள்வியை ஒருவரும் ஒருவரிடமும் கேட்பதில்லை.

எங்களோடு இருந்து இருந்து தமிழ் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத் தமிழ்தான். ஆனால் ஒவ்வொரு றகரத்தையும் நாக்கில் வைத்து உருட்டி, கல்லின் மேல் வண்டி போவது போலச் சொல்வார்.

அவரிடம் நான் முதலில் கவனித்தது வானை விடுகிற விதம். எங்கள் முற்றம் ஒடுக்கமானது. எல்லாரும் நேரே உள்ளே வந்து, சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அவர் மட்டும் வீதியிலேயே திருப்பி, பின்பக்கமாக மெல்ல மெல்ல உள்ளே வருவார். எந்த மழையாக இருந்தாலும், பின்னால் எத்தனை கார்கள் ஹோர்ன் அடித்தாலும், வானின் மூக்கு வீதியைப் பார்த்தபடிதான் நிற்கும்.

தேநீரையும் இருந்து குடிக்க மாட்டார். கோப்பையோடு நிற்பார். இன்றைக்கு வெங்காய மூட்டைப் பக்கம், நாளைக்குக் குளிரறை வாசல், அடுத்த நாள் படலையடி. நேற்று நின்ற இடத்தில் இன்றைக்கு நிற்க மாட்டார். வாடகை அறையும் அப்படித்தான். மேனர் பார்க், இல்ஃபோர்ட் என்று மாறிக்கொண்டே இருந்தார். ஒரு தோல் பை, ஒரு கேத்தல். அவ்வளவுதான் வீடு.

கல்லாவில் இருக்கும் சாந்தி அக்காவுக்கு இது பெரிய பகிடி. "அண்ணை, உங்களுக்கு ஆராவது கடன்காரன் பின்னாலை வாறானோ?" என்று கேட்பா. அவர் சிரிக்க மட்டும் செய்வார்.

பச்சைத் தெருவில், அதாவது கிரீன் ஸ்ட்ரீட்டில், கவுன்சில்காரர் வந்து தண்டச் சீட்டு ஒட்டாத வாகனமே இல்லை. எங்கள் முதலாளியின் கார்கூடத் தப்பவில்லை. ஆனால் அவருடைய வானில் ஒருநாளும் ஒட்டுப்பட்டதில்லை. சந்தி திரும்பித் தொப்பி தெரிகிறபோதே வான் அங்கே இருக்காது. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். பெட்டியைக் கடைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தால் வானைக் காணவில்லை. பயந்துபோய் நின்றேன். கொஞ்சம் தள்ளி, புடைவைக்கடைப் பொம்மைகளுக்கு முன்னால் நின்று கை காட்டினார்.

"கவுன்சில்காரனும் பிளேன் மாதிரி, தம்பி. வட்டம் போடுவான். ரெண்டாம் வட்டம் வர முதல் நாங்கள் போகோணும்."

பிளேன் என்ற சொல் அவர் வாயில் எப்படி வந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் நல்ல மழை. ஏற்ற வேண்டிய பெட்டிகள் வரவில்லை. தகரக் கூரையில் மழை விழ, எல்லாரும் சும்மா நின்றோம். நான் எனக்குள்ளே பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் அண்ணை எப்பவும் ரிவர்சிலை விடுறியள்?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு சுரைக்காயைக் கிடத்தினார். பக்கத்துக்கு மூன்றாக ஆறு தேசிக்காய்களை அதன் கீழே முட்டுக் கொடுத்தார். அவை வண்டிச் சில்லுகள். மேலே, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று வெண்டிக்காய்களை அடுக்கினார். நடுவில் ஒரு அப்பளத்தை நிமிர்த்திப் பிடித்தார். கடைசியாகச் சுரைக்காயின் முன் நுனியில் ஒரு பச்சை மிளகாயை வைத்தார்.

"இது நான்" என்றார்.

"ஐயோ அண்ணை, உந்தச் சுரைக்காய் ஹரோக் கடைக்குப் போறது! உதிலை சண்டை பிடிக்காதேங்கோ" என்று சாந்தி அக்கா கல்லாவிலிருந்து கத்தினா.

அவர் அதைக் கவனிக்கவில்லை. அப்பளத்தை மெல்லச் சுற்றினார். "சோவியத் ஆர்மி. பதினெட்டு வயசு. ரெண்டு வருசம் இதுதான் என்ர வீடு. நான் ஓட்டுறன். உள்ளுக்கை மற்றவை. இது ரேடார். இது ராக்கெட். பிளேன் வந்தால் அடிக்கிறது. எல்லாம் ஒரே வண்டியிலை. ஓசா."

எனக்கு அது ஓசை என்றுதான் கேட்டது.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் சின்ன வயதில் ஆகாயம் என்றால் ஓசைதான். பார்க்கிறதுக்கு முன்னம் அது வந்துவிடும். டீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பா. அவ வாயைத் திறக்கவே தேவையில்லை. நாங்கள் வரிசையாகப் போய்ப் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். ஒருநாள் இறங்கி ஏறி வந்தபோது பள்ளிக்கூடத்தைக் காணவில்லை. அதற்குப் பிறகு நான் படிக்கப் போகவில்லை. ஆகவே அந்த ஓசைக்கு எதிராக ஒரு வண்டி செய்து, அதற்கு ஓசை என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் பாஷையில் ஓசா என்றால் குளவி என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கடை முழுக்க அவர் ஓசை அண்ணை ஆகிவிட்டார். ஓசை என்றால் சத்தம் என்று சாந்தி அக்கா விளங்கப்படுத்தியபோது அவருக்கு நல்ல சந்தோசம்.

"அதுவும் சரி. குளவிக்குச் சத்தம்தானே முதல் வரும்."

அன்றைக்கு மழை விடும்வரை அவர் சொன்னார். முன்காலத்தில் பெரிய ராக்கெட்டுகள் ஓரிடத்தில் ஊன்றி நிற்குமாம். நிற்கிற இடம் தெரிந்தால் பிளேன் வந்து உடைத்துவிடும். அதனால்தான் ஓடித் திரிகிற வண்டிகளைச் செய்தார்களாம். வரும், நிற்கும், பார்க்கும், அடிக்கும், போகும்.

"அடிச்சாப் பிறகு ஏன் போகோணும்?" என்று கேட்டேன்.

"ரேடார் போட்டால் நான் பிளேனைப் பாக்கிறன். பிளேனும் என்னைப் பாக்குது. இருட்டிலை டோர்ச் அடிக்கிறவனைத்தானே முதல் தெரியும்? அதாலை கெதியாப் போகோணும். போன இடத்துக்குத் திரும்பி வாறேல்லை. ஒருநாளும் வாறேல்லை. கமாண்டர் முதல் நாள் சொல்லித் தந்தது அதுதான்."

"ஆறு குறுக்கை வந்தால்?"

"நீந்தும்."

நான் நம்பவில்லை. அவர் சத்தியம் பண்ணினார். ஒரு விடியற்காலை, வெள்ளை மரக்காட்டுக்கு நடுவில் ஒரு ஏரி. புகை மாதிரிப் பனி. அவர் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அந்த வண்டியை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினாராம். சில்லுகள் நிலத்தை விட்டதும் எல்லாம் மெத்தென்று ஆகிவிட்டதாம். ஆறு ராக்கெட்டுகளும் உள்ளே இருந்தவர்களும் ஒரு தோணி போல மிதந்து போனார்கள். வாத்துகள் பயப்படாமல் விலகி வழி விட்டனவாம். இரண்டு வருடத்தில் அவர் ஒரே ஒருதரம்தான் ராக்கெட் போகப் பார்த்தார். அதுவும் கஸகஸ்தான் பக்கம் ஒரு வெட்டவெளியில், பயிற்சிக்கு விட்ட பொம்மை விமானத்தின் மேல். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. வாத்துகளைப் பற்றித்தான் பேசினார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி என் கனவில் வரத் தொடங்கியது. கிரீன் ஸ்ட்ரீட்டால் வரும். சத்தம் இருக்காது. புடைவைக்கடைப் பொம்மைகள் தலையைத் திருப்பிப் பார்க்கும். பூக்கடை, நகைக்கடை எல்லாம் தாண்டி வந்து, வீதி முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்கும். அது எங்கள் கடல்நீரேரி. வண்டி அதில் இறங்கி நீந்தும். கொக்குகள் விலகும். அக்கரையில் என் பள்ளிக்கூடம் ஓட்டுக் கூரையோடு அப்படியே நிற்கும். டீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்திருக்க மாட்டா. வண்டி முற்றத்தில் ஏறி, பின்பக்கமாகத் திரும்பி, மூக்கு ஒழுங்கையைப் பார்க்க நிற்கும். அதன் ரேடார்த் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கனவை நான் மனைவிக்கும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"சுட்டதோ?"

"இல்லை அண்ணை. சும்மா நிண்டது. பிளேன் அங்காலை திரும்பிப் போட்டுது."

அவர் தலையை ஆட்டினார். "சரியான கனவு. சுடத் தேவையில்லை. ஒண்டு நிக்குது எண்டு தெரிஞ்சால் காணும்."

அவருக்கும் சாந்தி அக்காவுக்கும் ஒரு ஓயாத சண்டை இருந்தது. வானை எடுக்கும்போது அவர் கையைத் தூக்கி, "போறன்" என்பார். சாந்தி அக்கா கல்லாவை விட்டு எழும்பி வருவா.

"போறன் எண்டு சொல்லக் கூடாது அண்ணை! எத்தினை தரம் சொல்லிப்போட்டன்? செத்த வீட்டிலையிருந்து போறாக்கள்தான் வாறன் எண்டு சொல்லாமல் போறது. போட்டு வாறன் எண்டு சொல்லோணும்."

"போறன்" என்பார் மறுபடி.

"வாறனையும் சேர்த்துச் சொன்னால் வாய் நோகுமோ?"

"நோகாது, சாந்தி. பொய். போனால் திரும்பி வாறேல்லை எண்டுதான் நான் படிச்சனான். நான் பொய் சொல்ல மாட்டன்."

"பின்னேரம் வானோடை வந்து நிக்கிறது ஆர், உங்கடை ஆவியோ?"

"பின்னேரம் வாறது வேறை ஆள்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாந்தி அக்கா அவருக்கும் சேர்த்துத் தானே, "போட்டு வாறனாம், போட்டு வாறனாம்" என்று வீதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வருவா. வருடக்கணக்காக இது நடந்தது. புது ஆட்களுக்கு விசர் என்று தோன்றும். எங்களுக்கு மணி அடிக்கிற மாதிரி.

பிறகு அவருடைய நாட்டில் யுத்தம் வந்தது.

அவருக்கு அங்கே ஒரு அக்கா. கல்யாணம் கட்டாதவ, தாய் மாதிரி வளர்த்தவ. எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில், மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தா. ஒவ்வொரு மத்தியானமும் அவர் தொலைபேசியில் அவவோடு சண்டை பிடிப்பார். பேசிக்கொண்டே முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். பாஷை விளங்காவிட்டாலும் விஷயம் எங்களுக்கு விளங்கும். வா என்கிறார். அவ மாட்டேன் என்கிறா.

"ஏனாம் அண்ணை?"

"ஜன்னலிலை தக்காளி நட்டு வைச்சிருக்கிறாவாம். தயிர்ப் பேணியிலை. காய்க்கட்டும் எண்டுறா."

அடுத்த வருடம் கேட்டேன். "திரும்பவும் நட்டுட்டா" என்றார். அவ்வளவு காலமும் தன்னை எங்கேயும் நிற்க விடாத மனிதருக்கு, தன் அக்காவை ஒரு கதிரையிலிருந்து எழுப்ப முடியவில்லை.

அந்த நாட்களில்தான் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். வயல் ஓரம், மரக்கொப்புகளால் மூடி, ஒரு பச்சை வண்டி நின்றது. ஆறு சில்லு. தலையில் தட்டு. அவர் படத்தைப் பார்க்கவில்லை. கைபேசியைக் காதில் வைத்து அதன் எஞ்சினைக் கேட்டார்.

"இன்னும் ஓடுது. என்ர வயசிருக்கும். கிழவி."

வண்டி பனிக்குள் நகர்ந்து போய்விட்டது. அவர் அதைத் திரும்பவும் போட்டார். திரும்பவும் கேட்டார்.

சென்ற குளிர்காலத்தில் அக்கா படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டா. அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். கீழ்வீட்டுக் கிழவி ஒருத்திதான் சூப் கொண்டுவந்து கொடுக்கிறாவாம். இவர் போக வேண்டும். ஆனால் அறுபது வயது ஆகாத ஆண்பிள்ளை அந்த நாட்டுக்குள் போனால் திரும்பி வெளியே வர விடமாட்டார்கள். அவருக்கு இளவேனிலில்தான் அறுபது. அதுவரை பொறுத்தார்.

"எங்கடை ஆக்கள் அறுபதுக்கு மாலை மாத்துவினம். இந்த மனுசன் பஸ் ஏறப் போகுது" என்றா சாந்தி அக்கா. சிரிப்பதற்காகத்தான் சொன்னா. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் போன நாள் நன்றாக வெயில் எறித்தது. கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு மத்தியானம் வந்தார். வீதியில் வான் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. நேரே உள்ளே வந்தது. மூலைச் சுவரில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய், அங்கேயே நின்றது. எஞ்சின் அடங்கியது. வெங்காயம் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

இறங்கி வந்து வான் திறப்பைக் கல்லாவில் வைத்தார். தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். சாந்தி அக்காவைப் பார்த்து, கல்லின் மேல் வண்டி போகிற அந்தக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக, "போட்டு வாறன்" என்றார்.

எத்தனை வருடம் அந்தச் சொல்லுக்காகச் சண்டை பிடித்த மனிசி. அதைக் கேட்டதும் அவவுக்கு வாய் குழறிவிட்டது.

"ஓம் அண்ணை, போங்கோ" என்றா.

அவர் போய்விட்டார். அவர் படலை தாண்டிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவவுக்கு விளங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா. "போங்கோ எண்டு சொல்லிப்போட்டன். நானெல்லோ போங்கோ எண்டு சொல்லிப்போட்டன்" என்று என்னைப் பார்த்தா.

நான் எங்கேயும் சத்தம் போடாதவன். பஸ்ஸில் மணி அடிக்கவும் கூச்சப்பட்டு, மற்றவர்கள் இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து போகிறவன். கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் பஸ்ஸில் ஏறி, வழக்கம்போலக் கதவோரத்தில் நின்றார். கதவு மூடுகிறது. நான் வீதி நடுவில் நின்று கத்தினேன்.

"வாங்கோ! அண்ணை, போட்டு வாங்கோ!"

ஃபாரஸ்ட் கேட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அது என்னுடைய சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கண்ணாடிக்கு உள்ளே இருந்து கையைத் தூக்கினார். பிறகு, நான் இதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். கதவடியை விட்டு உள்ளே போய், ஒரு சீட்டில் இருந்தார்.

கோடையில் ஒருதரம் வீடியோவில் பேசினார். ஒரு நாற்காலியில் இருந்தார். பின்னால் ஜன்னல், ஜன்னல் நிறையத் தயிர்ப் பேணிகள், பேணிகளில் தக்காளிச் செடிகள். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் தலையோடு ஒரு கிழவி, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, அவரை ஏதோ ஏசிக்கொண்டிருந்தா.

"நான் வா எண்டுறன். அவ இரு எண்டுறா" என்றார். "இப்ப நான் இருக்கிறன். ஒரே கதிரை, தம்பி. ஒவ்வொரு நாளும் இதே கதிரை. பழுத்தால் வாறன் எண்டு சொல்லியிருக்கிறா. கூட்டிக்கொண்டு வருவன்."

அப்போது தூரத்தில் ஏதோ சீறிக்கொண்டு எழும்பியது. பேணிகள் நடுங்கின. நான் இங்கே பெட்டிகளுக்கு நடுவில் குனிந்துவிட்டேன். அவர் எழும்பவில்லை. ஒரு விரலைத் தூக்கி, காதைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"ஓசை" என்றார். "எங்கடை. கேட்டதோ?" கொஞ்சம் பொறுத்து, "இப்ப இடம் மாத்துவாங்கள்" என்றார். மாற்றுகிறார்களா என்று கேட்கிறவர் போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கதிரையிலேயே இருந்தார்.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. நான் எடுத்தாலும் போகவில்லை. அங்கே கரண்ட் இல்லை, லைன் இல்லை என்கிறார்கள்.

இப்போது வானைப் புதுப் பொடியன் ஒருவன் ஓட்டுகிறான். நினைத்த பக்கம் விடுகிறான். ஆனால் மூலைச் சுவரடியில் மட்டும் விட முடியாது. சாந்தி அக்கா விடமாட்டா. உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைக்கூட அங்கே வைக்க விடமாட்டா. "அங்கை வையாதேங்கோ. அது அண்ணை வந்து விடுற இடம்" என்பா. போன இடத்துக்குத் திரும்பி வாறேல்லை என்ற மனிதருக்கு லண்டனில் ஒரு இடம் இருக்கிறது. நானும் காலையில் அதைக் கூட்டிவிட்டுத்தான் மற்ற வேலை தொடங்குவேன்.

தக்காளி எப்போதோ பழுத்திருக்கும். இப்போது அங்கே பனி. அக்கா திரும்பவும் விதை போடுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது, அதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். கனவில் அந்த வண்டி இப்போதும் வருகிறது. தண்ணீரைக் கடந்து வந்து, எங்கள் முற்றத்துக்குள் நேரே நுழைந்து, சுவரில் மூக்கு முட்ட நிற்கிறது. வான் முழுக்க அமைதியாக இருக்கிறது. இந்த வான் எந்த வான் என்று பிள்ளை கேட்டால், எனக்குத் தெரியவில்லை. எழுதியபடியே விட்டுவிடவும்.

போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பொய் சொல்ல மாட்டார்.

மகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, வாசல் வாங்கில் இருந்து இதை எழுதி முடித்தது:
2025, மார்கழி (டிசம்பர்) 13, சனிக்கிழமை.